எர்த் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர்

கிரைண்டரின் பிளக்கைச் செருகிவிட்டு தனக்கோடி சுவிட்சைப் போட்டாள். கல் அசையவில்லை, ஊறிய அரிசி அதற்குள் அப்படியே கிடந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். ஊஹூம். எதிர்ச் சுவரில் இருந்த பாயிண்டில் மிக்ஸியைச் செருகிப் பார்த்தாள். அதுவும் வாய் திறக்கவில்லை. கிரகப்பிரவேசம் முடிந்து மூன்றாவது நாள்தான். வாசலில் கட்டிய வாழைமரம்கூட இன்னும் வாடவில்லை.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். சமையல்கட்டுல ஒண்ணுத்துலயும் கரண்ட் வரல."

சவரம் செய்துகொண்டிருந்த ஜெயவேலு பாதி முகத்தில் நுரையோடு வந்தான். அவன் சைதாப்பேட்டையில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். சொந்த ஊர் முடிச்சூர். அப்பாவின் கழனியில் தன் பங்கை விற்றுத்தான் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இந்தப் புது வீட்டை வாங்கியிருந்தான். கையில் மேஜை விளக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாயிண்டிலும் செருகிப் பார்த்தபடி வீடு முழுக்க ஒரு சுற்று வந்தான். விளக்குகள் எரிந்தன, ஃபேன்கள் சுற்றின. ஆனால் பதினோரு பிளக் பாயிண்டில் ஏழு செத்துக் கிடந்தன.

வீட்டைக் கட்டி விற்றவர் பொன்னுரங்கம். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு, வரிசையாக ஆறு வீடு கட்டி விற்றுவிட்டு, ஏழாவது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார். ஜெயவேலு போய் நின்றதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

"சாவி குடுக்கறப்போ எல்லாத்தியும் பாத்துட்டுத்தான வாங்கிகினீங்க தம்பி? அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லி இருந்தா ஆள வுட்டுப் பாக்கச் சொல்லி இருப்பேன். இப்போ வந்து சொன்னா நான் இன்னா பண்றது?"

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததுதான் கொடுமை. வாங்குவதற்கு முன் ஜெயவேலு அந்த வீட்டுக்கு ஜோசியரை மூன்று முறை கூட்டிவந்தான். அடுப்பு தென்கிழக்கில் இருக்கிறதா, கக்கூஸ் ஈசானியத்தில் வந்துவிட்டதா என்று கயிறு பிடித்து அளந்தான். சுவருக்குள் ஒயர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஓர் எலெக்ட்ரீஷியனை ஒரு தடவை கூட்டிவரத் தோன்றவில்லை. நம் ஜனங்களை என்னவென்று சொல்ல! திசை சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று ஓர் எண்ணம்.

கிழக்குத் தாம்பரத்தில் கடை வைத்திருந்த அந்தோணிசாமியைப் போய் அழைத்துவந்தான் ஜெயவேலு. ஐம்பது வயசு ஆள், அதிகம் பேசமாட்டார். ஹோல்டரில் ஒரு பல்பை மாட்டி, இரண்டு ஒயர் நுனிகளைக் கையில் பிடித்துக்கொண்டு சமையல்கட்டு பாயிண்டின் முன் உட்கார்ந்தார். கீழே இருக்கும் இரண்டு சின்ன ஓட்டைகளில் இரண்டு நுனிகளையும் செருகினார். பல்பு எரியவில்லை. ஒரு நுனியை எடுத்து மேலே இருக்கும் பெரிய ஓட்டையில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"அதான் எரியுதே!" என்றான் ஜெயவேலு.

"எரியும் சார். இதுல ஒரு ஓட்டையில கரண்ட் வருது, இன்னொண்ணுல திரும்பிப் போவணும். திரும்பிப் போற ஒயரு செவுத்துக்குள்ள எங்கியோ அறுந்துருக்கு. மேல இருக்கறது எர்த்து. மிஷின் பாடியில கரண்ட் எறங்கிட்டா அத மண்ணுக்குள்ள கொண்டு போய் விடறதுக்குன்னு இருக்கறது. உசுரக் காப்பாத்தற ஒயரு சார் அது. அதுல பல்பு எரியுதேன்னு கிரைண்டர் ஓட்டக் கூடாது."

"ஓட்டினா?"

"ஓடும். மழக்காலத்துல நல்லாவே ஓடும். மண்ணு காஞ்சிச்சின்னா கரண்ட் உள்ள போவாது. மிஷின் மேலயே நிக்கும். அப்போ தொட்டவன் காலி."

சரி, என்னதான் வழி என்று கேட்டதற்கு அந்தோணிசாமி இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஹாலிலிருந்து சமையல்கட்டு வரை சுவரை உடைத்துப் புது ஒயர் இழுப்பது. இரண்டாவது, உடைக்கவே வேண்டாம், சுவரின் மேலேயே மரக்கட்டை அடித்து அதன்மேல் ஒயர் ஓட்டிவிடுவது. அரை நாள் வேலை.

முதல் வழியைக் கேட்டு தனக்கோடி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, பெயிண்ட் அடிச்சு பத்து நாள்கூட ஆகலயே!" இரண்டாவது வழியைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "செவுத்து மேல கட்டை அடிக்கறதா? வாடகை வீடு மாதிரி அசிங்கமா இருக்காது? ஒயரே வெளிய தெரியாத வீடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." பதினான்கு வருஷம் வாடகை வீட்டில் இருந்தவள். சுவரில் ஓடும் கட்டையைப் பார்த்தாலே அவளுக்கு அந்த வீட்டுக்காரியின் குரல் கேட்கும்.

"உங்க இஷ்டம்மா," என்று அந்தோணிசாமி பல்பு ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "அந்த எர்த்த மட்டும் தொடாதீங்க சார்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் ஜெயவேலு முடிவு செய்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டு சமையல்கட்டு பாயிண்டைக் கழற்றினான். இரண்டு அங்குல ஒயர்த் துண்டு ஒன்றை வெட்டி, திரும்பிப் போகும் ஓட்டைக்கும் எர்த்துக்கும் முடிச்சுப் போட்டு மூடினான். கிரைண்டர் கடகடவென்று ஓடியது. ஹாலிலும் மற்ற அறைகளிலும் செத்துக் கிடந்த பாயிண்டுகளுக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டுக்கொண்டார்கள். "எங்க வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியனுக்கே பாடம் எடுப்பாரு" என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டாள் தனக்கோடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவெல்லாம் ஊறிக் கிடந்தது. கிரைண்டர் ஒரு குறையும் வைக்கவில்லை.

அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் மாவு அரைக்கவும் அங்காளம்மா வந்தாள். கடற்கரைக் குப்பத்துப் பெண். கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பி வராததால், கைக்குழந்தையோடு தாம்பரத்துக்கு வந்து ரயில்வே லைன் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டவள். அந்தக் குழந்தை இப்போது ஒன்பதாவது படித்தது. மூன்று வீட்டில் வேலை பார்த்தாள். அதில் ஒரு வீட்டுக்காரர் மாற்றலாகிப் போய்விட்டார், இன்னொரு வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது தனக்கோடியின் வீடு ஒன்றுதான். அதுவும் போனால் மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்காவது பாத்திரம் தேய்க்க வேண்டியதுதான். இது தனக்கோடிக்கும் நன்றாகத் தெரியும்.

பங்குனி பிறந்தது. ஒருநாள் தனக்கோடி ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரின் விளிம்பில் ஒட்டியிருந்த மாவை வழிக்கப் போனவள், "அம்மாடி!" என்று அலறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தாள். ஜெயவேலு கரண்ட் பார்க்கும் டெஸ்டரைக் கிரைண்டரின் உடம்பில் வைத்துப் பார்த்தான். மினுக்கென்று எரிந்தது. எரிந்ததை அவனும் பார்த்தான், அவளும் பார்த்தாள். அந்தோணிசாமி சொன்னது இரண்டு பேர் காதிலும் ஒலித்தது.

வேறு யாராவது என்றால் என்ன செய்வார்கள்? அன்றைக்கே அந்த ஒயர்த் துண்டைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். ஜெயவேலு சைக்கிளை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டுக்குப் போனான், நீல வார் போட்ட ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி வாங்கிவந்தான். தனக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. சமையல்கட்டில் செருப்பா என்று தனக்கோடி முதலில் தயங்கினாள். பிறகு, தெருவையே பார்க்காத செருப்புதானே, தோஷம் இல்லை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். சாமி அலமாரிப் பக்கம் போனால் மட்டும் கழற்றிவிடுவாள்.

அதோடு ஆபீசில் யாரோ ஜெயவேலுவுக்கு இன்னொரு யோசனையும் சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னால் எர்த் கம்பி இறங்கும் குழியில் தினமும் தண்ணீர் ஊற்றினால், மண் ஈரமாகி, கிரைண்டர் வேகமாகவும் ஓடும், அடிப்பதும் குறையும். ஒரு கை உப்பும் போட்டால் இன்னும் நல்லது. ஆக, அங்காளம்மாவுக்குக் காலையில் முதல் வேலை அதுவாயிற்று. அந்த வருஷம் கிணறெல்லாம் வற்றிப்போய் லாரித் தண்ணீர்தான். அவள் தெருக்கோடி அடிபம்புக்குப் போய், அரை மணி நேரம் வரிசையில் நின்று, ஒரு வாளி கொண்டுவந்து அந்தக் குழிக்கு ஊற்றுவாள். அவள் குடிசைக்கு அன்றைய சமையலுக்கு அவ்வளவு தண்ணீர் கிடைக்காது. குழிக்குக் கிடைத்தது.

ஊற்றினாலும் பங்குனி வெயிலுக்கே அது ஒரு மணி நேரம் தாங்காது.

"யம்மா, இந்தக் கிரைண்டரு இன்னாத்துக்கோ கையப் புட்ச்சி இழுக்குதும்மா. முழங்கை வரைக்கும் ஜிவ்வுன்னு ஏறுது," என்றாள் அங்காளம்மா ஒருநாள்.

"ஈரக்கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். தொடைச்சிட்டுத் தொடு."

"மாவு வழிக்கற கை எப்டிம்மா காயும்?" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். தனக்கோடி சிரிக்கவில்லை. அங்காளம்மா அவள் காலைப் பார்த்தாள். "நானும் செருப்பு மாட்டிக்கட்டாம்மா? கேட்டாண்டதான் வுட்டு வச்சிகீறேன். நல்லா கழுவி எட்தாறேன்."

"நல்லாத்தான் இருக்கு! தெருவெல்லாம் மிதிச்ச செருப்பு என் சமையல்கட்டுக்குள்ள வருமா? இன்னிக்கு செருப்பு போட்டுக்கட்டான்னு கேப்ப, நாளைக்கு நாற்காலி போடுன்னு சொல்லுவ."

"அய்ய, அப்டிலாம் இல்லம்மா. உங்குளுது பழசு எதுனா இருந்தா குடுங்க. இங்கியே ஓரமா வச்சிக்கறேன். அடிக்கறப்போ நெஞ்சு படக்குன்னு நின்னு நின்னு போவுதும்மா."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல கொல்லையில கிடக்கற பாத்திரத்தப் பாரு."

அந்தப் 'பாக்கலாம்' ஐந்து வாரம் இழுத்தது. ஜெயவேலு தினமும் காலையும் மாலையும் அந்தச் செருப்புக் கடையைத் தாண்டித்தான் பஸ் ஏறினான். மூன்றாவதாக ஒரு ஜோடி வாங்க அவனுக்கு என்ன கேடு? மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. ஒருநாள் அங்காளம்மா துடித்துக் கையை உதறியதைச் சமையல்கட்டு வாசலில் நின்று அவனே பார்த்தான். "மழை வந்தா சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு நீலச் செருப்பு சப்தமிட ஹாலுக்குப் போய்ப் பேப்பர் படித்தான். இதற்குப் பெயர் மறதி இல்லை. அவள் வேறு ஜாதி உடம்பு, தாங்கிக்கொள்ளும் என்று மனசுக்குள் எங்கோ ஒரு நினைப்பு. வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

சித்திரை கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஊரப்பாக்கத்திலிருந்து ஜெயவேலுவின் அக்கா குடும்பம் புது வீட்டைப் பார்க்க மத்தியானம் வருவதாக இருந்தது. வடைக்கு உளுந்து ஊறவைத்திருந்தாள் தனக்கோடி. பத்தரை மணிக்கு அங்காளம்மா உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். நாலு சுற்று சுற்றிவிட்டுக் கிரைண்டர் நின்றது.

கொல்லைக் குழியில் தினமும் கொட்டிய உப்பும் தண்ணீரும் சேர்ந்து அந்த எர்த் கம்பியை மெல்ல மெல்லத் தின்றிருந்தன. அந்த நிமிஷத்தில் அது அறுந்துபோயிற்று. இனி மண்ணுக்குப் போக வழி இல்லாத மின்சாரம் முழுவதும் கிரைண்டரின் உடம்பில் வந்து நின்றது. அங்காளம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் ஐந்து வாரம் அடிவாங்கிய கை அவளுக்கு என்னவோ சொல்லியிருக்க வேண்டும். அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"யம்மா, நின்னு பூட்ச்சிம்மா."

தனக்கோடி அடுப்பின் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள். "கையால ஒரு தள்ளு தள்ளு. சுத்தும்."

"அடிக்கும்மா. இன்னிக்கி இன்னாவோ பயமா கீது."

"தினம் அடிக்கறதுதானே? புதுசா என்ன பயம்? பன்னெண்டு மணிக்கு அவங்க வந்து நிப்பாங்க. உன் பயத்தை வச்சுக்கிட்டு நான் வடை சுட முடியுமா?"

"சார வந்து ஒருவாட்டி பாக்கச் சொல்லும்மா..."

"இதுக்கெல்லாம் அவரு வரணுமா? முடியலன்னா சொல்லிடு. பின்னாடி தெருவுல வேலை கேட்டு ரெண்டு பேரு வந்துட்டுப் போயிருக்காங்க."

அங்காளம்மா கையைப் புடவையில் துடைத்தாள். புடவையும் ஈரம், கால் நின்ற தரையும் ஈரம். வலது கையை நீட்டிக் கிரைண்டரின் விளிம்பைப் பிடித்துத் தள்ளினாள்.

அவள் கத்தவில்லை. கத்த முடியவில்லை. கை அப்படியே விளிம்பைப் பற்றிக்கொண்டது. உடம்பு விறைத்து, தலை பின்னால் சாய்ந்து, கண்கள் மேலே போயின. கத்தியது தனக்கோடிதான். ஹாலில் இருந்து ஓடிவந்த ஜெயவேலு மெயினை அணைத்தான். அங்காளம்மா உளுந்துத் தண்ணீரில் சரிந்து விழுந்தாள். உள்ளங்கையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது.

மூச்சு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"ஆட்டோ கூப்பிடுங்க! ஓடுங்க!" என்றாள் தனக்கோடி.

ஜெயவேலு ஓடவில்லை. அவன் கண் சுவரில் இருந்த பாயிண்டில் நின்றிருந்தது. "இரு," என்றான். "போலீஸ் வந்தா மொதல்ல இதைத்தான் கழட்டிப் பாப்பாங்க. ஒயரை நான்தான் கட்டினேன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும் தனம். ஒரு நிமிஷம்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து சுவரின் முன் மண்டி போட்டான். ஒரு நிமிஷத்தில் ஆகவில்லை. துருவேறி ஒரு ஸ்க்ரூ இறுகிப்போயிருந்தது. டிரைவர் வழுக்கிக்கொண்டே போயிற்று. எண்ணெய் விட்டான், துணி சுற்றிப் பிடித்தான், திருகினான். அவன் முதுகுக்குப் பின்னால் அங்காளம்மா முனகினாள்.

"யம்மா... கை எரிதும்மா..."

"இதோ போயிடலாம் அங்காளம்மா, இதோ ஆச்சு," என்று தனக்கோடி அவள் வாயில் தண்ணீர் விட்டாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. வெளியே போய்த் தெருவில் ஒரு குரல் கொடுத்திருந்தால் பத்துப் பேர் ஓடிவந்திருப்பார்கள். அவள் போகவில்லை. அவளும் அந்த ஸ்க்ரூ கழலுவதற்காகத்தான் காத்திருந்தாள். பத்து நிமிஷம் கழித்து அது கழன்றது. ஜெயவேலு அந்த ஒயர்த் துண்டைப் பிடுங்கிப் பக்கத்துக் காலி மனைக்குள் வீசி எறிந்தான். மூடியை மறுபடி மாட்டினான். அதன்பிறகுதான் ஆட்டோவுக்கு ஓடினான்.

மெயின் ரோட்டில் இருந்த நர்சிங் ஹோமில் டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்தார், நிமிர்ந்தார்.

"இப்பத்தான் போயிருக்கு. உடம்புல சூடுகூட ஆறல. ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சு பாத்திருக்கலாம். ஆட்டோ கிடைக்கலயா?"

"ஆமா டாக்டர்," என்றான் ஜெயவேலு. "ஆட்டோ கிடைக்கல."

சாயங்காலம் ஓர் ஏட்டு வந்தார். கரண்ட் விஷயம் என்பதால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சமையல்கட்டு நிலைப்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். ஜெயவேலு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஈரக்கையால் பிளக்கைப் பிடுங்கக் கூடாது என்று பலமுறை எச்சரித்தும் வேலைக்காரி கேட்கவில்லை. அவளுடைய கவனக்குறைவே காரணம். "அப்படித்தானேம்மா?" என்று அவர் தனக்கோடியைப் பார்த்துக் கேட்டார். தனக்கோடி தலையை ஆட்டினாள். ஏட்டு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாயிண்டை யாரும் கழற்றிப் பார்க்கவே இல்லை. எதற்குப் பயந்து பத்து நிமிஷத்தை விற்றார்களோ, அது நடக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை. கேட்டருகில் ஓர் ஆளும் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவன் அங்காளம்மாவின் அண்ணன் துலுக்காணம், குப்பத்திலிருந்து வந்திருந்தான். பெண், அங்காளம்மாவின் மகள். பள்ளிக்கூடத் தாவணியே கட்டியிருந்தாள், வேறு நல்ல துணி இல்லை போலும். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஜெயவேலு விறைப்பாக வெளியே போனான். தனக்கோடி பின்னால் வந்து நின்றாள்.

துலுக்காணம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, உங்களாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம். எவ்ளோ பேரு வேலக்காரி கீழ உய்ந்தா தொடக்கூட மாட்டாங்க. நீங்க ஆட்டோல வச்சி இட்டுகினு போனீங்களாமே, அம்மா மடியில படுக்க வச்சிகினாங்களாமே, ஆஸ்பத்திரில சொன்னாங்க. கடசி நேரத்துல அதுக்குன்னு மன்சாளு இருந்துகீறாங்க. அது போதும் ஐயா. நீங்க நல்லா இருக்கணும்."

அவன் இரண்டு கையையும் கூப்பினான்.

ஜெயவேலுவின் தோள் தளர்ந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. "நாங்க அவளை வேலைக்காரியாவா வச்சிருந்தோம்? வீட்டு மனுஷி மாதிரி வச்சிருந்தோம்பா. என்ன செய்யறது, எத்தனை தடவை சொல்லியும் அவ ஈரக்கையோட..."

அந்தப் பெண் அதற்குள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, குனிந்து தனக்கோடியின் காலைத் தொட்டாள். தனக்கோடி தீயை மிதித்தவள்போலக் காலை இழுத்துக்கொண்டாள். பெண் நிமிர்ந்து கேட்டாள்: "எங்கம்மா கடசியா எதுனா சொல்லிச்சாம்மா? என்னப் பத்தி எதுனா சொல்லிச்சா?"

"கை எரியுதுன்னு சொன்னா," என்றாள் தனக்கோடி.

"தனம், நீ உள்ள போ," என்றான் ஜெயவேலு.

அவள் போகவில்லை. "கும்பிடாதப்பா. கையை இறக்கு. அவ பிளக்கப் பிடுங்கல. மிஷின் நின்னுடுச்சு, கையால தள்ளுன்னு நான்தான் சொன்னேன். அடிக்கும்மா, பயமா இருக்குன்னு சொன்னா. வேலைய விட்டு நிறுத்திடுவேன்னு மிரட்டித் தள்ள வச்சேன். அது அடிக்கும்னு எங்களுக்கு ரெண்டு மாசமாத் தெரியும். தெரிஞ்சுதான் நாங்க ரெண்டு பேரும் செருப்பு போட்டுக்கிட்டு நடந்தோம். அவ பழசு ஒண்ணு கேட்டா. நான் குடுக்கல."

துலுக்காணத்தின் கை கூப்பிய நிலையிலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன.

"அவளுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, மூணு நாளா தூங்கல," என்று ஜெயவேலு தனக்கோடியின் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் உதறினாள்.

"இன்னும் இருக்கு, கேளுங்க. அவ விழுந்ததும் சாகல. பத்து நிமிஷம் உசுரோட கிடந்தா. அப்பவே கொண்டுபோயிருந்தா பொழைச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நாங்க கொண்டுபோகல. இவரு பண்ணின திருட்டு வேலையை மறைக்க ஒரு ஸ்க்ரூவைக் கழட்டிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தேன்."

"உசுரு இருந்துதா?" என்றான் துலுக்காணம். "பத்து நிமிசமா?"

"இருந்துது."

அந்தப் பெண் அழவில்லை. தனக்கோடியின் முகத்தையே பார்த்தபடி பின்னால் நகர்ந்து, மாமனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு பார்வையைத் தனக்கோடி தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"ஸ்டேஷனுக்கு வாங்க," என்றாள் தனக்கோடி. "அன்னைக்குத் தலையாட்டினவ நான். நானே வந்து மாத்திச் சொல்றேன்."

"ஏண்டி, நம்ம வீடு, என் வேலை, எல்லாம் போயிரும்டி! தெரியாம நடந்துபோச்சு, அதுக்காக நாம நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று ஜெயவேலு கேட்டை மறித்துக்கொண்டு நின்றான்.

தனக்கோடி அவனை நேராகப் பார்த்தாள்.

"எதுங்க தெரியாம நடந்துச்சு? கரண்டுக்குத்தான் எஜமானி யாரு, வேலைக்காரி யாருன்னு தெரியாது. நமக்கு நல்லாத் தெரிஞ்சுது. ஆபத்து இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கே நம்மள மட்டும் காப்பாத்திக்கிட்டு, இல்லாதவள அதுல கொண்டுபோய் நிறுத்தினோமே, அதுக்குப் பேரு கவனக்குறைவு இல்ல, கொலை. நம்ம உசுரு எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசுதான் நம்ம வீட்டுல வேலை செய்யறவங்க உசுரும். இதைப் புரிஞ்சுக்க எனக்கு ஒருத்தி சாக வேண்டியிருந்துச்சு. வழியை விடுங்க."